தீப்புள்ளி பிறந்த கதை

கோடை வந்தால் போடிநாயக்கனூரில் மொட்டை மாடியில் பாய் விரித்தவர்கள், படுப்பதற்கு முன் ஒருமுறை மலையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். குரங்கணிக்கு மேலே, இருட்டில், கனகாம்பரச் சரத்தைச் சரிவில் வளைத்துப் போட்டதுபோல ஒரு கோடு நெளிந்தால் மலை எரிகிறது என்று அர்த்தம். எந்தச் சரிவு, ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதெல்லாம் ஏலத்தோட்டத்து வேலையாட்கள் மறுநாள் இறங்கி வந்து சொன்னால்தான் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரம் வரை ரோப்வே போட்டு, தேயிலைப் பெட்டிகளை அந்தரத்திலேயே இறக்கினார்கள். தேயிலை கம்பியில் வந்தது. தீயின் சேதி மட்டும் நடந்தே வந்தது. அந்தச் சேதிக்குச் சிறகு முளைத்த கதையின் முதல் புகை, கிழக்கே 1,800 கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில் கிளம்பியது.

1787ஆம் ஆண்டு. அந்தமான் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து கோல்புரூக் என்ற ஆங்கிலேய அதிகாரி தொலைவில் ஒரு புகைத்தூணைக் கண்டார். புகைக்கு அடியில் ஆளில்லாத ஒரு தீவு. இரண்டு ஆண்டு கழித்து ஆர்ச்சிபால்ட் பிளேர் அங்கே போனார். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்குத் தன் பெயரைத் தந்தவர் அவர்தான். தீவின் நடுவே இருந்த கூம்பு, செக்கச் சிவந்த பாறைகளை வானத்துக்கு வீசிக்கொண்டிருந்தது. அதுதான் பாரன் தீவு, இந்திய மண்ணில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. அதைக் கண்காணிக்க அன்று இருந்த ஏற்பாடு மிக எளிது: அந்த வழியாக ஏதாவது கப்பல் போக வேண்டும், அன்று பார்த்து மலையும் பொங்க வேண்டும், கப்பலில் ஒருவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மூன்றும் கூடி வந்த நாட்கள் கொஞ்சம்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே பாரன் ஓய்ந்தது. நூறாண்டுக்கும் மேலாக மூச்சுக் காட்டவில்லை. அது தூங்கப் போவதற்கு முன்பே, உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு சங்கீதக்காரர் கையில் தெர்மாமீட்டரை எடுத்திருந்தார்.

வில்லியம் ஹெர்ஷல் பிழைப்புக்கு ஓபோ வாசித்தவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆசைக்கு வானம் பார்த்தவர். அந்த ஆசையிலேயே 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்து, பிழைப்பையே மாற்றிக்கொண்டவர். 1800இல் அவருக்கு ஒரு சின்னத் தொல்லை இருந்தது. தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்க வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு கண்ணாடியில் வெளிச்சம் மங்கல், ஆனால் கண்ணில் சூடு தாங்கவில்லை. இன்னொன்றில் வெளிச்சம் ஏராளம், சூட்டைக் காணோம். வெளிச்சமும் சூடும் ஒன்றாகவே வருகிறவை என்றால் இது எப்படி? ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு சூடு என்று தனித்தனியாக அளந்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

முப்பட்டைக் கண்ணாடியில் வெயிலை விழவைத்து மேசைமேல் வானவில்லாக விரித்தார். குமிழில் கறுப்புப் பூசிய தெர்மாமீட்டரை நிறம் நிறமாக நகர்த்தினார். ஊதாவில் கொஞ்சம் ஏறியது, பச்சையில் கூடுதலாக ஏறியது, சிவப்பில் இன்னும் ஏறியது. நிறம் முடிந்துவிட்டது, வேலையும் முடிந்திருக்க வேண்டும். ஹெர்ஷல் நிறுத்தவில்லை. சிவப்புக்கு வெளியே, வெளிச்சமே விழாத வெறும் மேசையில் தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் எல்லா நிறங்களையும் மிஞ்சி ஏறியது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று உண்டு என்பது அன்று வெளியானது. அகச்சிவப்பு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதற்கு அப்போது பெயரும் கிடையாது, உபயோகமும் கிடையாது.

அதற்கு இலக்கணம் எழுத 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூடாக இருக்கும் எந்தப் பொருளும் ஒளி வீசும், சூடு ஏற ஏற அந்த ஒளியின் அலைநீளம் குறுகும் என்று 1893இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் வீன் கணக்குப் போட்டுச் சொன்னார். வெயிலில் காயும் சாதாரணத் தரை பெரும்பாலும் 10 மைக்ரான் அலைநீளத்தையொட்டி ஒளிர்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயின் உச்சம் 3 மைக்ரானுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தரை ஒரு ராகத்தில் பாடுகிறது, தீ வேறொரு ராகத்தில் பாடுகிறது என்று ஹெர்ஷல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ராகத்தை வானத்திலிருந்து கேட்கும் காது, மேகம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியில் தெரியாத்தனமாகப் பொருத்தப்பட்டது.

1978 அக்டோபரில் அமெரிக்கா டைரோஸ்-என் என்ற வானிலைத் துணைக்கோளை ஏவியது. மேகம் எங்கே, கடல் நீர் எவ்வளவு சூடு என்று சொல்வது அதன் வேலை. அதிலும், அடுத்து ஏவிய துணைக்கோள்களிலும் இருந்த கருவி, பூமியை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சதுரங்களாகப் பார்த்தது. அதன் பல கண்களில் ஒன்று 3.7 மைக்ரான் ஒளியைப் பார்த்தது. இரவு மேகத்துக்கும் கடல் சூட்டுக்கும் உதவும் என்றுதான் அந்தக் கண்ணை வைத்தார்கள். தீயைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மைக்கேல் மேட்சனின் கண்ணில் ஒருநாள், பாரசீக வளைகுடாவின்மேல் அம்மைத் தழும்புபோல் சில புள்ளிகள் பட்டன.

சுற்றியுள்ள கடலோடும் மணலோடும் சேராத, தனித்து நிற்கும் புள்ளிகள். துணைக்கோள் படத்தில் இப்படி ஏதாவது தெரிந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போவதுதான் எளிது. ஆனால் கோளாறு என்றால் இடம் மாற வேண்டும். இவை எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தன. கிணற்றில் எண்ணெயோடு வரும் வாயுவை அங்கே குழாய் முனையில் கொளுத்திவிட்டிருந்தார்கள். அந்தச் சுடர்தான் புள்ளி. அதில்தான் வியப்பே இருந்தது. சில மீட்டர் அகலமுள்ள சுடர், 1 கிலோமீட்டர் சதுரம் முழுவதையும் எப்படிப் பிடித்துக்கொண்டது? அந்த முடிச்சை அவிழ்க்க மேட்சனோடு சேர்ந்தவர், நெருப்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர். ஜெஃப் டோசியர் பனி ஆராய்ச்சிக்காரர்.

விடை ஏலக்காய்க்காரர்களுக்குப் புரியும்படியானதுதான். ஓர் அண்டா பாயசத்தில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் தராசு முள் அசையாது. மூக்குக்கு மட்டும் வாசலிலேயே தெரிந்துவிடும். அந்தக் கருவியின் இன்னொரு கண்ணான 11 மைக்ரான் கண் தராசு மாதிரி. 27 டிகிரித் தரையைவிட 727 டிகிரித் தீ அதற்குச் சுமார் 30 மடங்குதான் பளிச்சென்று தெரியும். 4 மைக்ரான் கண் மூக்கு மாதிரி. அதே தீ அதற்குச் சுமார் 4,500 மடங்கு பளிச்சிடும். 1 கிலோமீட்டர் சதுரத்துக்குள் 15 மீட்டருக்கு 15 மீட்டர் இடம் எரிந்தாலே இந்தக் கண்ணுக்கு அந்தச் சதுரத்தின் வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். இரண்டு கண்ணும் சொல்வதை ஒப்பிட்டால், கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் தீ எவ்வளவு பெரியது, எவ்வளவு சூடு என்றுகூடக் கணக்கிடலாம். மேட்சனும் டோசியரும் 1981இல் அதை எழுதி வெளியிட்டார்கள். உலகத்தில் தீயைத் தேடுபவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1987இல் மேட்சனே பிரேசில் காடுகள் எரிவதை வானத்திலிருந்து காட்டினார். அதே ஆண்டு, காட்டைப் பற்றிக் கவலையே படாத இரண்டு பேருக்கும் இதே போல ஒரு புள்ளி மாட்டியது.

பீட்டர் பிரான்சிஸ், டேவிட் ரோத்தரி இருவரும் ஆண்டீஸ் மலைத்தொடரின் எரிமலைகளை லேண்ட்சாட் துணைக்கோள் படங்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சிலி நாட்டின் பாலைவனத்தில் நிற்கும் லாஸ்கார் என்ற மலையின் வாயில், மற்ற மலைகளில் இல்லாத ஒரு சிறு பிரகாசம் தெரிந்தது. குறுகிய அலைநீள அகச்சிவப்பில் மட்டும் தெரிந்த அதற்கு ஒரே அர்த்தம்தான்: வாய்க்குள் ஏதோ தகதகக்கிறது. அடுத்த ஊர் எங்கோ இருக்கும் அந்த மலையை அன்றாடம் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. 1986 செப்டம்பரில் லாஸ்கார் வெடித்தது. வெடிப்புக்கு முந்தைய படங்களிலேயே அந்தத் தகதகப்பு இருந்தது. மலையின் அடிவாரத்துக்கே போகாமல் அதன் நாடியைப் பிடிக்கலாம் என்று 1987இல் அவர்கள் எழுதினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க, ஆளில்லாத, எட்டாக்கையான ஓர் எரிமலை தேவைப்பட்டது. நாலே ஆண்டில் அந்தமானில் ஒன்று கண் விழித்தது.

1991 மார்ச்சில் பாரன் தீவு மறுபடி பொங்கியது. மாதக்கணக்கில் எரிமலைக் குழம்பு வழிந்து கடலில் இறங்கியது. அங்கே குடியிருப்பு இல்லை, பக்கத்தில் நின்று பார்க்க ஆய்வுக்கூடமும் இல்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் கண்டு சொன்னவைதான் செய்தி. இந்திய ஆய்வாளர்கள் ரெட்டி, பட்டாச்சார்யா, ஸ்ரீவஸ்தவ் மூவரும் வேறு வழி தேடினார்கள். லேண்ட்சாட் இரவில் எடுத்த படங்களை அகச்சிவப்பில் அலசினார்கள். இருட்டில் வெயிலின் தொந்தரவு இல்லாததால், கறுப்புக் கடலின் நடுவே மலையின் சூடு தனியாகத் தெரிந்தது. 1993இல் கட்டுரை வந்தது. எரிமலையை வானத்திலிருந்து பார்க்கலாம் என்பது நம் வாசலிலேயே உறுதியாயிற்று. ஆனால் லேண்ட்சாட் ஓர் இடத்துக்கு மறுபடி வர 16 நாள் பிடித்தது. மலைக்குப் பொறுமை உண்டு. காட்டுத்தீக்கு அது கிடையாது.

தினமும் வரும் வானிலைத் துணைக்கோளிலோ வேறு வியாதி இருந்தது. அதன் 3.7 மைக்ரான் கண் கடல் சூட்டுக்காகச் செய்தது. கொஞ்சம் அதிகச் சூட்டைக் காட்டினாலே கூசிக் கண்ணை மூடிக்கொண்டது. உச்சி வெயிலில் கொதிக்கும் பொட்டலையும் அது தீ என்றது, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலையும் தீ என்றது. நிஜத் தீ எது என்று பிரிக்க ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அமேசான் புகையை ஆராய்ந்த நாசா விஞ்ஞானி யோரம் காஃப்மனும், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஜஸ்டிஸும் அவர்களின் கூட்டாளிகளும் அடுத்த கருவிக்கு ஒரு கோரிக்கை வைத்தார்கள்: 4 மைக்ரானில் ஒன்றுக்கு இரண்டு கண் வேண்டும். ஒன்று மென்மையான சூட்டை நுட்பமாக அளக்க. இன்னொன்று கொழுந்துத் தீயைக் கூசாமல் பார்க்க. முதன்முறையாகத் தீக்கென்றே கண் வைத்த கருவி உருவானது. அதன் பெயர் மோடிஸ். 1999 டிசம்பர் 18 அன்று அதைச் சுமந்துகொண்டு டெர்ரா துணைக்கோள் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பியபோது, பசிபிக் கடலின் நடுவிலும் சிலர் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். அங்கே கிலவேயா எரிமலை 1983 ஜனவரியிலிருந்து ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே எரிமலை வைத்திருப்பவர்களுக்கு உலகத்து எரிமலைகள் எல்லாம் உறவினர் மாதிரி. லூக் ஃபிளின், ராபர்ட் ரைட், ஆண்ட்ரூ ஹாரிஸ் முதலான ஹவாய் பல்கலைக்கழகக் குழுவினர், பூமியின் அத்தனை எரிமலைகளையும் மோடிஸ் வழியாகத் தினமும் தானாகவே பார்க்கும் ஏற்பாடு ஒன்றை நினைத்தார்கள். குறுக்கே ஒரு நிபந்தனை வந்து நின்றது. நாசாவின் கணினிகளில் படங்கள் வெள்ளமாக ஓடும்போதே இந்தக் கணக்கும் கூடவே ஓட வேண்டும். ஆகவே கணக்கு மிக மிகச் சின்னதாக இருக்க வேண்டும். மோடிஸின் 36 அலைவரிசைகளில் சிலவற்றைத்தான் தொடலாம். இத்தனை கெடுபிடியில் எரிமலையை எப்படிப் பிடிப்பது?

கெடுபிடியே அவர்களைக் காப்பாற்றியது. அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம் பள்ளிக்கூடச் சிலேட்டில் அடங்கும். 4 மைக்ரானில் வரும் ஒளி ஓர் எண், 12 மைக்ரானில் வரும் ஒளி ஓர் எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. பிறகு இரண்டையும் கூட்டு. கழித்து வந்ததைக் கூட்டி வந்ததால் வகு. அவ்வளவுதான். இரவில் சாதாரணத் தரைக்கு விடை மைனஸ் 0.9க்குப் பக்கத்தில் நிற்கும். கட்டத்துக்குள் எங்காவது நெருப்பு இருந்தால் விடை மேலே எழும்பும். எத்தனை எழும்பினால் மணி அடிப்பது? படம் படமாகச் சோதித்து மைனஸ் 0.8 என்று ஒரு கோட்டைக் கிழித்தார்கள். கோட்டைத் தாண்டிய கட்டம் ஒவ்வொன்றும் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கப்பட்டது. மோட்வோல்க் என்று அதற்குப் பெயர். புள்ளிகள் விழத் தொடங்கின. கிலவேயா தெரிந்தது, இத்தாலியின் எட்னா தெரிந்தது. கூடவே, எரிமலையே இல்லாத இடங்களிலும் புள்ளிகள் குவிந்தன.

ஆப்பிரிக்காவின் புல்வெளி, பிரேசில், தென்கிழக்கு ஆசியா என்று காடும் புல்லும் எரிந்த இடமெல்லாம் புள்ளிதான். சூத்திரத்துக்கு எரிவது கல்லா கட்டையா என்று தெரியாது. எரிமலைக்காரர்கள் விதைத்த வயலில் அது களை. காட்டுத்தீக்காரர்கள் அதையே பயிராகத் தங்கள் வயலில் தனியே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மேற்குக் காடுகள் கட்டுக்கடங்காமல் எரிந்த பிறகு, மோடிஸ் படங்களை மாதக்கணக்கில் தாமதிக்காமல் சில மணி நேரத்துக்குள் தீயணைப்பவர்களின் கையில் சேர்க்க நாசாவும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் அமெரிக்க வனத்துறையும் கைகோத்தன. 2002 மே மாதம் ஆக்வா துணைக்கோளில் இரண்டாவது மோடிஸ் ஏறியது. டெர்ரா முற்பகலிலும் முன்னிரவிலும், ஆக்வா பிற்பகலிலும் பின்னிரவிலும் என்று ஒரு நாளில் நாலு பார்வை கிடைத்தது. புள்ளி தயார். ஆனால் அது கணினித் திரையில் இருந்தது. காட்டில் நிற்பவன் கையில் கணினி ஏது?

அந்தக் கடைசி முடிச்சை அவிழ்த்தது காடே இல்லை, மின்கம்பி. தென்னாப்பிரிக்காவில் உயரழுத்தக் கம்பிகளுக்குக் கீழே புல் தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையும் சூடும் ஏறி மின்சாரம் கம்பியிலிருந்து தரைக்குப் பாய்ந்தது, ஊர் ஊராக விளக்கு அணைந்தது. எந்தக் கம்பிக்குக் கீழே எப்போது தீப்பிடிக்கும் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆள் போட்டுப் பார்க்க முடியாது. எஸ்காம் மின் நிறுவனமும் அந்நாட்டு அறிவியல் ஆய்வு மன்றமும் 2004இல் ஒரு வழி கண்டன. மோடிஸ் புள்ளி ஒன்று கம்பிக்குப் பக்கத்தில் விழுந்தால், அந்தப் பகுதிப் பணியாளரின் கைபேசிக்குத் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போகும். வானத்தில் பிறந்த புள்ளி சட்டைப் பையில் அதிர்ந்தது. அதே 2004இல் இமயமலை அடிவாரத்திலும் ஒரு வேலை தொடங்கியிருந்தது.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் மோடிஸ் புள்ளிகளை வாங்கி மாநில வனத்துறைகளுக்குச் சொல்லத் தொடங்கியது. சொல்வதற்கு முன் சலித்தாக வேண்டும். இந்தியாவில் வைக்கோலும் எரியும், கரும்புச் சோகையும் எரியும், ஆலைப் புகைபோக்கியும் தகிக்கும். ஆகவே வரும் புள்ளிகளைக் காட்டு எல்லை வரைபடத்தின்மேல் போட்டு, உள்ளே விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு எந்த மாவட்டம், எந்த வனச்சரகம், எந்த பீட் (ஒரு வனக்காவலரின் எல்லை) என்று பெயர் ஒட்டினார்கள். ஹைதராபாத் அருகே ஷாத்நகர் தரை நிலையத்தில் இறங்கும் தகவல் டேராடூன் போய்ச் சலிக்கப்பட்டு, கைபேசிக் குறுஞ்செய்தியாக மாறியது. எரிமலையும் மறக்கப்படவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்கு ஐந்து மாதம் கழித்துப் பாரன் தீவு மறுபடி வெடித்தபோது, அதன் சூட்டுப் புள்ளிகள் ஹவாயில் இருந்த கணினியில் விழுந்தன. தீவின் நாடி கடல் தாண்டித் துடித்தது.

மோடிஸுக்கு வாரிசாக 2011 அக்டோபரில் ஒரு கருவி ஏறியது. அதன் பெயர் வீர்ஸ். 1 கிலோமீட்டர் கட்டம் 375 மீட்டராகச் சுருங்கியது. முன்பு தப்பிய சின்னத் தீயும் சிக்கியது. 2017இல் டேராடூன் அதன் புள்ளிகளையும் அனுப்பத் தொடங்கியது. ஆனாலும் பழைய அதிர்ஷ்டத்துக்கு அதே ஆண்டில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2017 ஜனவரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் பாரன் தீவுக்குப் பக்கத்தில் கடலடி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணெதிரே மலை திடீரென்று சாம்பலைக் கக்கியது. கோல்புரூக் பார்த்த அதே புகையை, 230 ஆண்டு கழித்து, அதே போலக் கப்பலிலிருந்தே பார்த்தார்கள். வானத்தில் இத்தனை கண் இருந்தும் பக்கத்தில் நிற்பவனின் கண்ணுக்கு மாற்று இல்லை என்பதற்கு அது சிரித்துக்கொண்டே வந்த சாட்சி. அழுதுகொண்டே வந்த சாட்சி மறு ஆண்டு குரங்கணியில் காத்திருந்தது.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலைப் பாதையில் இருந்தன. மறுநாள் ஞாயிறு, இறங்கும்போது சரிவில் தீ பிடித்தது. ஆள் உயரம் வளர்ந்து, கோடையில் காய்ந்து முறுகிய புல். காற்றும் சேர்ந்துகொண்டது. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீக்கு ஒரு குணம் உண்டு: அது தனக்கு முன்னால் இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே சுட்டுக் காயவைத்துவிடும், ஆகவே சமதரையில் எரியும் தீயைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். மனிதக் கால் அதோடு போட்டி போட முடியாது. முதலில் ஓடிவந்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையைத் தூளியாகக் கட்டி, கும்மிருட்டில், தீக்காயம் பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். துணைக்கோள் சில மணிக்கு ஒருமுறைதான் தலைக்கு மேலே வரும். சரிவில் தீ நிமிடக் கணக்கில் முடித்துவிடும். அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் குரங்கணி அளந்து காட்டியது.

அடுத்த ஆண்டு, 2019 ஜனவரியில், டேராடூன் தன் எச்சரிக்கை முறையைப் புதுப்பித்தது. ஒரு புள்ளியைச் சொல்லிவிட்டு ஒதுங்காமல், தொடர்ந்து எரியும் பெருந்தீ எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வளர்கிறது என்று அடுத்தடுத்த பார்வைகளில் பின்தொடரும் ஏற்பாடு சேர்ந்தது. கோடையில் மலையேற்றப் பாதைகளை மூடிவைப்பதும் வழக்கமாயிற்று. இப்படியாகத்தான், ஒரு சங்கீதக்காரரின் தெர்மாமீட்டர், கோளாறு என்று தள்ளாமல் விட்ட புள்ளி, ஒரு பனி ஆராய்ச்சிக்காரரின் கணக்கு, எரிமலைக்காரர்களின் களை, மின்கம்பிக்காரர்களின் குறுஞ்செய்தி எல்லாம் கூடி, போடி மலையடிவாரத்தில் ஒரு வனக்காவலரின் கைபேசியில் வந்து விழுந்தன. மாவட்டம், சரகம், பீட், அட்சரேகை, தீர்க்கரேகை. தேநீர்க்கடை பெஞ்சில் வைத்த போன் ஒருமுறை அதிரும் அளவுக்குத்தான் அதற்குச் சத்தம். பக்கத்தில் இருப்பவருக்கு அது ஏதோ ரீசார்ஜ் செய்தி.

செய்தி வந்ததும் வனக்காவலர் செய்கிற வேலை ஹெர்ஷல் காலத்துக்கும் முந்தையது. தீத்தடுப்புக் காவலர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். வழியில் பச்சைக் குழையை ஒடித்துக் கட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 375 மீட்டர் கட்டத்துக்குள் தீ எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறது என்று துணைக்கோள் சொல்லாது. புகை வாசனையும் காற்றின் திசையும்தான் சொல்லும். கண்டதும் குழையால் அடித்து அணைக்கிறார்கள், சருகைக் கூட்டிக் கோடு வெட்டுகிறார்கள்.

வீர்ஸ் கருவி ஒரே வீச்சில் சுமார் 3,000 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. குரங்கணிக்கும் பாரன் தீவுக்கும் இடையில் 1,800 கிலோமீட்டர்தான். ஆகவே சில பாதைகளில் மலையும் தீவும் ஒரே படத்தில் விழுகின்றன. தீவில் விழும் புள்ளியை அணைக்க யாரும் போகவேண்டியதில்லை. குரங்கணியில் விழும் புள்ளிக்கு இன்றும் ஒருவர் நடந்தே போகிறார்.